கிளினிக் கொப்பியில் 9.6: உலகத்தில் நாலு பேரில் ஒருவருக்கு ரத்தம் காணாது என்பது உண்மையா?

உப்புவெளிக்காரன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். மனைவிக்கு ஐந்தாம் மாதம். இன்று கிளினிக்கில் ரத்தம் பார்த்துவிட்டுக் கொப்பியில் ஹீமோகுளோபின் 9.6 என்று எழுதி, அதைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் ஒரு வட்டமும் போட்டு விட்டிருக்கிறார்கள். இரண்டாம் மாதம் பார்த்தபோது 11.4. "ரத்தம் காணாது, இரும்புக் குளிசையை ஒழுங்காகப் போடுங்கோ" என்று மட்டும் சொன்னார்களாம். பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது அவர்களும் எவ்வளவுதான் கதைப்பது. வீட்டில் அம்மா பேரீச்சம்பழம் என்கிறார், மாமி பீற்றூட் என்கிறார், பக்கத்து வீட்டு அக்கா மாதுளை என்கிறார், சிவப்பாகக் கண்ட எல்லாவற்றையும் இவளுக்குத் தீத்துகிறார்கள்.

நித்திரை வராமல் போனைக் கிண்டியதில் குழப்பம் கூடிவிட்டது. ஒரு செய்தி, உலகத்தில் 192 கோடிப் பேருக்கு இரத்தச்சோகை, முன்பைவிடக் கூட என்கிறது. இன்னொன்று 1990இலிருந்து குறைந்து வருகிறது என்கிறது. மூன்றாவது, பெண்களுக்குக் கூடுகிறது என்கிறது. மூன்றும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அதைவிட, 9.6 என்றால் நான் பயப்பட வேண்டுமா? புறாத்தீவுக்கு ஆட்களைப் படகில் ஏற்றி இறக்குகிறவன் நான், விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தி | செவ்வாய், இரவு 10.15

தம்பி, மூன்றும் உண்மைதான். வைத்தியப் பக்கம் எனக்குத் தெரியாது, கணக்கை மட்டும் சொல்கிறேன்.

53 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 15 பேர் பெயில். சில வருடம் கழித்து அதே வகுப்பில் 79 பிள்ளைகள், 19 பேர் பெயில். அதிபர் வீதம் இறங்கிவிட்டது என்று மேடையில் பேசலாம், பெற்றோர் பெயிலான பிள்ளைகள் கூடிவிட்டார்கள் என்று சண்டைக்கு வரலாம், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இதில் பிள்ளைகளுக்குப் பின்னால் பத்துக் கோடி என்று போட்டுக்கொள்ளுங்கள். 1990இல் உலக சனத்தொகை ஏறத்தாழ 530 கோடி, இரத்தச்சோகை 150 கோடி, அதாவது 28.2 வீதம். 2021இல் 790 கோடிப் பேரில் 192 கோடி, 24.3 வீதம். 2023இல் வெளியான உலக நோய்ச்சுமை ஆய்வின் கணக்கு இது. முப்பத்தொரு வருடத்தில் நாலு வீதம் கூட இறங்கவில்லை, தலைகளோ 42 கோடி கூடிவிட்டன.

மூன்றாவது செய்தி வேறு ஆட்களைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 15 வயதிலிருந்து 49 வரையான பெண்களைத் தனியாக எடுக்கிறது. 2012இல் 27.6 வீதம், 2023இல் 30.7. அந்த 2012இல்தான் எல்லா நாடுகளும் கூடி, 2025க்குள் இதைப் பாதியாக்குவோம் என்று தீர்மானம் போட்டன. பாதியாக்கப் போனது ஏறி நிற்கிறது, தவணையை 2030க்குத் தள்ளிவிட்டார்கள்.

அப்போ 1990இலிருந்து இறங்கிய அந்தக் கொஞ்சம் யாருக்கு இறங்கியது? பெரும்பாலும் வளர்ந்த ஆண்களுக்கு. முதலில் சொன்ன நோய்ச்சுமை ஆய்வின் கணக்கில் (அவர்கள் கணக்கிடும் முறை வேறு), அதே 15 முதல் 49 வயதில் 2021இல் ஆண்கள் 11.3 வீதம், பெண்கள் 33.7. மூன்று மடங்கு. இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன், எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள்.

லண்டன் மச்சான் | செவ்வாய், இரவு 11.50

இதெல்லாம் குளிசைக் கொம்பனிக்காரன் கிளப்புகிற பயம். எங்கள் அப்பம்மா தம்பலகாமத்தில் பதினொரு பிள்ளை பெற்றவர், ஒரு குளிசையும் தொடவில்லை. வயல் அரிசியும் குளத்து மீனும்தான்.

ஓய்வுபெற்ற மிட்வைப் | புதன், காலை 6.05

லண்டன் தம்பி, பதினொன்றில் எத்தனை தங்கியது?

லண்டன் மச்சான் | புதன், காலை 11.30

ஆறு. கடைசிப் பிள்ளையோடு அப்பம்மாவும் போய்விட்டா. சரி அக்கா, விளங்குது.

ஓய்வுபெற்ற மிட்வைப் | புதன், பிற்பகல் 2.20

கோபிக்க வேண்டாம், குத்திக் காட்டக் கேட்கவில்லை. 1930 அளவில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் செத்தார்கள். இன்று அது 50க்குக் கீழ். நடுவில் எத்தனையோ விஷயம் நடந்தது, அதில் ஒன்று மலேரியா போனது. இந்தப் பக்கக் காட்டுக்காய்ச்சல் வந்தவளின் நாக்கைப் பார்த்தால் கடதாசி மாதிரி இருக்கும் என்று எனக்குப் பழக்கிய பெரியவர் சொல்லுவார். அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள்ளேயே குடியிருந்து உடைக்கிறது, எந்தக் கீரை தின்று ஈடு கட்டுவது? 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கியதை ரத்தக் கணக்கிலும் எழுத வேண்டும்.

அடுத்தது கொக்கிப்புழு. வெறுங்காலில் நடந்தால் பாதத்துத் தோலால் ஏறிக் குடலில் கொக்கி போட்டு உறிஞ்சும். மலைநாட்டுத் தோட்டங்களில் நூறு வருடத்துக்கு முன்பே அமெரிக்கக்காரர் வந்து இதற்கென்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் கழிந்ததும் கிளினிக்கில் பூச்சிக்குளிசை தருவது இதற்குத்தான், சும்மா இல்லை.

இனி உப்புவெளித் தம்பிக்கு. மனைவி குளிசையை எதோடு போடுகிறா? எத்தனை மணிக்கு? உறையில் இப்போது எத்தனை மிச்சம்? போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கோ.

உப்புவெளிக்காரன் | புதன், இரவு 8.30

அக்கா, எண்ணினேன். மைலோ டின்னுக்குள் கிடக்கிறது. போன மாதம் தந்த உறையில் பத்தொன்பது, அதற்கு முந்தியதில் இருபத்திரண்டு. கேட்டால் அழுகிறாள். போட்டால் வயிறு பிரட்டுதாம், மலம் கறுப்பாகப் போகுதாம், ஏதோ பழுதாகிவிட்டது என்று பயந்து நிறுத்தினாளாம். போட்ட நாளிலும் நாலு மணிப் பால் தேத்தண்ணியோடுதான்.

ஓய்வுபெற்ற மிட்வைப் | புதன், இரவு 9.00

அவளை ஏச வேண்டாம். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போனவள் நான். மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டில் கூரைக் கிடுகுக்குள் மூன்று பிள்ளையின் குளிசையும் இருந்தது. மூன்று பிள்ளை! கொப்பியில் நான் "கொடுக்கப்பட்டது" என்று சரி போட்டிருக்கிறேன், கொழும்பில் அதைக் கூட்டி வீதம் போட்டிருப்பார்கள், குளிசை கூரையில். உலகக் கணக்கு இறங்கவில்லை என்று வாத்தியார் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வந்தது.

கறுப்பாகப் போவது இரும்பின் மிச்சம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். தேத்தண்ணிச் சாயம் இரும்பைக் கட்டிப் பிடித்து உள்ளே விடாது, பாலும் அப்படித்தான். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். தேசிக்காய்த் தண்ணியோடோ கொய்யாவோடோ போடச் சொல்லுங்கோ. கல்சியக் குளிசையை வேறு நேரத்துக்கு வையுங்கோ, இரண்டையும் சேர்த்து விழுங்குகிற பிள்ளைகள்தான் அதிகம். வயிறு பிரட்டினால் இரவு படுக்கப் போகும்போது போடலாம். அப்படியும் சரி வராவிட்டால் டொக்டரிடம் சொல்லி வேறு வகைக்கு மாற்றலாம், தானாக நிறுத்துவதுதான் பிழை.

லாப் தம்பி | வியாழன், அதிகாலை 1.10

நைட் டியூட்டி, இப்போதுதான் மேசை காலி.

9.6 பற்றிக் கொஞ்சம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை, ஆணுக்கு 13. கர்ப்பிணிக்கு முதல் மூன்று மாதமும் கடைசி மூன்று மாதமும் 11, நடு மூன்று மாதம் 10.5. ஏன் நடுவில் இறக்கினார்கள் என்றால், அப்போது ரத்தத்தின் தண்ணிப் பகுதி சிவப்பணுவைவிட வேகமாகக் கூடுகிறது, குழம்புக்குத் தண்ணி விட்டால் மீன் துண்டு குறையாமலே குழம்பு ஐதாகிற மாதிரி. ஆகவே 11.4இலிருந்து இறங்கியதில் ஒரு பங்கு இயற்கை. 10.5க்கும் கீழே 9.6 வரை போனது இயற்கை இல்லை. பயந்து ஓடவும் வேண்டாம், மைலோ டின்னில் விடவும் வேண்டாம்.

இன்னொரு விஷயம், ரத்தம் எங்கே எடுத்தார்கள், விரலிலா கையிலா? விரல் நுனியைக் குத்திப் பிதுக்கினால் திசுத் தண்ணியும் சேர்ந்து வரும், எண் பிசகும். இது ஒரு ஆளின் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தியாவின் 2019-21 குடும்பநல ஆய்வு விரல் ரத்தத்தில் பார்த்து, பெண்களில் 57 வீதம் என்றது, அதற்கு முந்தியதில் 53. நாடே பதறியது. அதே நாட்டில் 2016-18இல் சிறுவர்களின் கை நாளத்து ரத்தத்தில் பார்த்தபோது ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் ஏறத்தாழ 41 வீதம், விரல் ரத்த ஆய்வுகளிலோ 58, அடுத்த தடவை 67. பிள்ளைகள் அவ்வளவு வேகமாகவா மாறுவார்கள்? ஊசி போட்ட இடம் மாறினாலே கோடிக் கணக்கில் ஆட்கள் மாறுகிறார்கள். அதனால் வருடத்துக்கு வருடம் ஒரு வீதம் ஏறியது இறங்கியது என்று தலைப்புப் போடுகிற செய்தியைக் கண்டால் நான் முதலில் எப்படி அளந்தார்கள் என்றுதான் தேடுவேன்.

அதற்காக எல்லாம் பொய் என்று லண்டன் அண்ணை துள்ள வேண்டாம். மேற்கு ஆபிரிக்காவில் 47 வீதம், தெற்காசியாவில் 36, மேற்கு ஐரோப்பாவில் 6. எந்த ஊசியும் அவ்வளவு பிசகாது.

மட்டிக்கறி, கிண்ணியா | வியாழன், காலை 10.45

அஸ்ஸலாமு அலைக்கும். ராவிருந்து படிச்சிட்டு இருக்கன். தம்பி, பேரீச்சம்பழத்தை விடச் சொல்லவில்லை, எங்களுக்கு அது நோன்பு திறக்கிற பழம், ஆனால் உம்மா என்னைப் பேரீச்சம்பழத்தாலேயே மூடி வளர்த்தும் எனக்கு ரத்தம் ஏறவில்லை. எங்கள் வாவியில் கிடைக்கிற மட்டியைக் கேட்டுப் பாருங்கள். நல்லா அலசி, வாய் திறக்க அவித்து, சதையை எடுத்துத் தேங்காய்ப்பாலில் மிளகு போட்டு வைத்தால் பிள்ளைத்தாய்ச்சி இரண்டு கோப்பைச் சோறு சாப்பிடுவா. லாப் தம்பி சொல்லட்டும் சரியா என்று.

லாப் தம்பி | வியாழன், பிற்பகல் 12.30

நூற்றுக்கு நூறு சரி ராத்தா, வடிவாக அவித்தால் போதும். மட்டியில் இரும்பும் பி12உம் தாராளம். பேரீச்சம்பழம் 100 கிராமில் ஒரு மில்லிகிராம் இரும்பு, பீற்றூட்டில் அதைவிடக் குறைவு, மாதுளையில் அதிலும் குறைவு. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் வேண்டும், பழத்தால் நிரப்புவதென்றால் கிலோக் கணக்கில் தீத்த வேண்டும். நிறம் சிவப்பு என்பதால் ரத்தம் ஆகாது.

முருங்கையிலை, பொன்னாங்காணி, பயறு எல்லாம் நல்லது, ஆனால் மரக்கறி இரும்பில் உடம்பு எடுப்பது சிறு பங்கு. மீன், இறைச்சி, மட்டியில் உள்ள இரும்பில் ஒரு பங்கு ரத்தத்தில் இருக்கிற அதே வடிவத்தில் வருவதால் கூடுதலாகப் போகும். கீரைக்கறிக்குத் தேசிக்காய் பிழிந்து, பக்கத்தில் ஒரு துண்டு மீனும் வைத்தால் கீரையின் இரும்பும் சேர்ந்து உள்ளே போகும். சோறும் சொதியும் மட்டும் என்று வந்துவிட்டால் அதுவும் இல்லை. 2022 நெருக்கடியில் முட்டை விலை எங்கே போனது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

பெயர் வேண்டாம் | வியாழன், இரவு 10.05

ஆண்கள் நிறைய இருக்கிற இடம், எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாத்தியார் 11.3க்கு 33.7 என்று போட்டீர்கள், ஏன் மூன்று மடங்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு 24 வயது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே மாதத்தில் எட்டு நாள் போகும், முதல் மூன்று நாளும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு துணி. வெள்ளைச் சீருடையில் படும் என்று பயந்து பின்வாங்கில் இருந்தேன். சுவாமி மலைக்கு ஏறும்போது கோணேசர் கோயில் வாசல் வருமுன் மூன்று தடவை நின்று மூச்சு வாங்குவேன், மான் கூட என்னை முந்திப் போகும். சோம்பேறி என்றார்கள். அரிசி வாயில் போட்டு மெல்லுகிற பழக்கம் வேறு இருந்தது, அதற்கும் அடி வாங்கினேன். அம்மாவுக்கும் அப்படித்தான் போனதாம், அதனால் அது சாதாரணம் என்றே நினைத்தோம். பல்கலைக்கழகத்தில் மயங்கி விழுந்த பிறகு பார்த்தபோது 7.1. ஒரு இடத்தில் குளிசை எழுதித் தந்தார்கள், இன்னொரு இடத்தில் பேரீச்சம்பழம் சொன்னார்கள். எத்தனை நாள் போகிறது என்று முதல் தடவை கேட்டது மூன்றாவதாகப் பார்த்த ஒரு அம்மா டொக்டர்.

லாப் தம்பி | வியாழன், இரவு 10.40

தங்கச்சி, எழுதியதற்கு நன்றி. அந்த மூன்று மடங்கின் பெரும் பங்கு இதுதான். ஒரு மில்லிலீற்றர் ரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு. ஒரு தடவைக்கு 80 மில்லிலீற்றருக்கு மேல் போனால் அதிக போக்கு என்பார்கள், அப்படியென்றால் மாதம் 40 மில்லிகிராம் இரும்பு உடம்பை விட்டுப் போகிறது, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அதைவிடக் கூட. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு எடுப்பது ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். அரிசி, மண், ஐஸ் மெல்ல ஆசை வருவது இரும்புக் குறைவின் குறி, அதற்கு அடித்தார்களே.

ஓய்வுபெற்ற மிட்வைப் | வியாழன், இரவு 10.55

நானும் கேட்டதில்லை பிள்ளை. கர்ப்பிணியா, பிள்ளை எத்தனை, ஊசி போட்டாச்சா, இவ்வளவுதான் எங்கள் கொப்பியில் கட்டம். கலியாணம் ஆகாத பிள்ளையை எங்களுக்குக் கணக்கில்லை.

லண்டன் மச்சான் | வெள்ளி, அதிகாலை 2.15

அப்போ எல்லாருக்கும், பள்ளிப் பிள்ளைகள் குழந்தைகள் எல்லாருக்கும், இரும்பைக் கொடுத்துவிட்டால் முடிந்ததே? இவ்வளவு வருடமாக ஏன் இழுக்கிறார்கள்?

கணக்கு வாத்தி | வெள்ளி, காலை 7.20

அப்படி நினைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். சன்சிபார் பக்கம் பெம்பா என்று ஒரு தீவு, மலேரியா கடுமையான இடம். சின்னப் பிள்ளைகளுக்கு இரும்பும் போலிக் அமிலமும் கொடுத்த ஆய்வில், கொடுத்த பிள்ளைகள் கூடுதலாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இறப்பும் கூட, இடையில் நிறுத்த வேண்டி வந்தது. 2006இல் வெளிவந்தது. நோய்க்கிருமிக்கும் இரும்பு வேண்டும் என்பதை அப்போதுதான் உலகம் சரியாகக் கவனித்தது. இங்கே மலேரியா இல்லை, கிளினிக்கில் தருவதைப் பயப்படாமல் போடலாம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

லாப் தம்பி | வெள்ளி, காலை 8.05

இதோடு இன்னொன்று. ஒரு குளிசை போட்டதும் ஈரலிலிருந்து ஹெப்சிடின் என்று ஒரு ஹோர்மோன் எழும்பிக் குடலின் கதவைச் சாத்தும், ஏறத்தாழ ஒரு நாள் அப்படி இருக்கும். அதனால் விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போட்டால் இரண்டு மடங்கு ஏறாது, வயிறுதான் பிரளும். உடம்பில் அழற்சி, தொற்று இருந்தாலும் இதே ஹோர்மோன் கதவைச் சாத்தி வைத்திருக்கும், அப்போது சாப்பாடும் குளிசையும் இருந்தும் ரத்தம் ஏறாது.

உப்புவெளி அண்ணை, முழு ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்.சி.வி. என்று ஒன்று இருக்கும், சிவப்பணுவின் பருமன் அது, பாருங்கள். அணு சின்னதாக இருந்தால் இரும்புக் குறைவாகவும் இருக்கலாம், தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கூறைக் காவுகிறவராகவும் இருக்கலாம். நம் நாட்டில் அது அரிதில்லை, குருநாகல், அநுராதபுரம் பக்கம் கூட. காவுகிறவருக்கு ஒரு நோயும் இல்லை, 10, 11 என்றே வாழ்நாள் முழுக்க நிற்கும், இரும்பு குறையாதவருக்கு இரும்பு கொடுத்தால் ஏறாது. ஆனால் புருசனும் காவுகிறவர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு கடும் தலசீமியா வர வாய்ப்பு. இரும்பு இருப்பைக் காட்டுகிற பெரிற்றின் பரிசோதனை ஒன்றும் பார்க்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், 15க்குக் கீழே என்றால் இருப்பில் இரும்பு முடிந்துவிட்டது.

மட்டிக்கறி, கிண்ணியா | வெள்ளி, காலை 9.30

எங்கள் பக்கம் சொந்தத்துக்குள் கலியாணம் அதிகம், இதை நிக்காஹ்வுக்கு முன்னமே பார்க்க வேண்டும் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். அது வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

உப்புவெளிக்காரன் | ஆறு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 5.10

எல்லாருக்கும் ஒரு தகவல் சொல்ல வந்தேன். மனைவியின் எம்.சி.வி. 71, பெரிற்றின் 8. தலசீமியா இல்லை என்று வேறு பரிசோதனையில் உறுதி செய்தார்கள். தேத்தண்ணி நாலு மணிக்கு, குளிசை படுக்கும்போது தேசிக்காய்த் தண்ணியோடு, ஒரு நாளும் விடவில்லை, நானே உறையில் கோடு போட்டு எண்ணினேன். நேற்றுப் பார்த்தபோது 10.8. மட்டி இரண்டு தடவை வந்தது, ராத்தாவுக்குக் கடன்.

இப்போது பிரச்சினை வேறு. லாப் தம்பி எழுதியதை வாசித்துக் காட்டியபோது அம்மா, "எனக்கும் படியேறினால் இழுக்குது" என்று சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டார். விடாமல் கூட்டிப் போய்ப் பார்த்தால் 8.3. அம்மாவுக்கு 58, தீட்டு நின்று ஏழு எட்டு வருடம். எல்லாருக்கும் மீனைப் போட்டுவிட்டுக் கடைசியில் குழம்பில் சோறு பிசைகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு என்று நினைக்கவில்லை. மனைவியின் குளிசையிலேயே அம்மாவுக்கும் கொடுத்துப் பார்க்கலாமா?

ஓய்வுபெற்ற மிட்வைப் | ஞாயிறு, மாலை 5.25

கொடுக்க வேண்டாம். முதலில் ஒரு கேள்வி. முழங்கால் வலி, கைகால் வலி என்று கடையில் ஏதாவது குளிசை வாங்கிப் போடுகிறாவா?

உப்புவெளிக்காரன் | ஞாயிறு, மாலை 5.50

கேட்டேன். மூன்று வருடமாக, ஒரு நாளைக்கு இரண்டு. சேலை மடிப்புக்குள் அட்டை இருந்தது. வயிறு எரிவதும் உண்டாம். மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டதற்கு, "ஓம், அது இரும்புச் சத்து என்று நீதானே அன்றைக்கு வாசித்தாய்" என்கிறார். அம்மா இரும்புக் குளிசை போடவே இல்லை.

லாப் தம்பி | ஞாயிறு, மாலை 5.54

அண்ணை, வலிக் குளிசையை இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள். இரும்பு போடாதவருக்குக் கறுப்பாகப் போனால் அது வயிற்றுக்குள் ரத்தம் போகிற அடையாளமாக இருக்கலாம். கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே பெரியாஸ்பத்திரி. அந்த அட்டையையும் கையோடு கொண்டு போங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற மிட்வைப் | ஞாயிறு, மாலை 5.56

வரமாட்டேன் என்பா. சட்டி கழுவ வேண்டும் என்பா. சட்டியை நீங்கள் கழுவுங்கோ.

உப்புவெளிக்காரன் | ஞாயிறு, மாலை 6.20

ஓட்டோவில் இருக்கிறோம். மடத்தடிச் சந்தி தாண்டிவிட்டோம். அட்டை என் சட்டைப் பையில்.